இரண்டரை மில்லிநொடிக் காந்தம்: டெராஹெர்ட்ஸ் ஒளி ஓர் அடுக்குப் படிகத்தில் செய்த வேலை

2024 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வின் மையத்தில் இருப்பது ஒரே ஓர் எண்: 2.5 மில்லிநொடி. ஒரு படிகத்தின் மேல் ஒளித்துடிப்பு விழுகிறது. அதுவரை வெளியே காந்தத்தன்மை எதையும் காட்டாமல் இருந்த படிகம் சிறு காந்தமாக மாறுகிறது. ஒளி போன பிறகும் அந்த நிலை 2.5 மில்லிநொடிக்கு மேல் நீடிக்கிறது.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒளியால் காந்தப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் துறையில் காலம் பிக்கோநொடியில் கணக்கிடப்படுகிறது, அதாவது ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துண்டில். துடிப்பு விழும், ஸ்பின்கள், அதாவது அணுக்களுக்குள் இருக்கும் நுண்ணிய காந்த முட்கள், ஆடும், சில பத்து அல்லது சில நூறு பிக்கோநொடிகளில் எல்லாம் பழையபடி அடங்கிவிடும். இருபது முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். 2.5 மில்லிநொடி என்பது ஒரு பிக்கோநொடியைப் போல 250 கோடி மடங்கு.

செய்தித் தலைப்புகள் "ஒளியால் காந்தம் உருவாக்கினார்கள்" என்று எழுதின. அது பொய்யில்லை. ஆனால் இந்த ஆய்வில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தத் தலைப்பில் இல்லை என்பது என் எண்ணம். எந்த ஒளி, எந்தப் படிகம் என்பதைவிட, எந்த வெப்பநிலையில் அடித்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பயனற்றது எனப்பட்ட காந்தம்

நமக்குப் பழக்கமான இரும்புக் காந்தம் ஃபெர்ரோ காந்த வகையைச் சேர்ந்தது. அதன் அணுக்களின் ஸ்பின்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் அவற்றின் விளைவு கூடி வெளியே தெரிகிறது. எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் ஸ்பின்களுக்குள் ஒழுங்கு உண்டு, ஆனால் ஒன்று மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும். ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுவதால் வெளியே நிகரக் காந்தமாக்கம் பூஜ்ஜியம். இந்த வகையைக் கோட்பாட்டளவில் கண்டு சொன்னவர் பிரான்சின் லூயி நீல். அப்படி ஓர் ஒழுங்கு உண்மையிலேயே இருக்கிறது என்பதை 1949-இல் மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான் சிதறல் மூலம் காட்டியவர்களில் ஒருவர் கிளிஃபோர்டு ஷல். நீல் 1970-இல் நோபல் பரிசு பெற்றார். ஷல்லுக்கு அது 1994-இல் கிடைத்தது.

பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் நீல், இந்தப் பொருள்கள் கோட்பாட்டு நோக்கில் மிகச் சுவையானவை, ஆனால் பயன்பாடு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற பொருளில் பேசினார். பின்னாளில் வன்தட்டுகளைப் படிக்கும் முனைகளில், பக்கத்து ஃபெர்ரோ அடுக்கை அசையாமல் பிடித்துவைக்கும் வேலை இதே எதிர்ஃபெர்ரோ படலங்களுக்குத்தான் தரப்பட்டது. இன்று அந்தப் பொருள்களையே தகவல் எழுதும் பலகையாக்கலாமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. காரணம் இரண்டு. பக்கத்தில் வேறு காந்தம் வந்தாலும் இவை எளிதில் கலையாது. இவற்றின் ஸ்பின்கள் இயல்பாக ஆடும் வேகமும் ஃபெர்ரோ காந்தங்களைவிட அதிகம்: அங்கே ஜிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு கோடி ஆட்டம்) என்றால் இங்கே டெராஹெர்ட்ஸ் (நொடிக்கு லட்சம் கோடி).

கலையாது என்பதே சிக்கலும்கூட. வெளிக்காந்தத்துக்கு அசையாத பொருளில் எதைக் கொண்டு எழுதுவது? எழுதியதை எதைக் கொண்டு படிப்பது? 2016-இல் செம்பு-மாங்கனீசு-ஆர்சனைடு என்ற எதிர்ஃபெர்ரோ படலத்தில் மின்னோட்டம் செலுத்தி ஸ்பின் அச்சைத் திருப்பிக் காட்டினார்கள். இன்னொரு வழி ஒளி.

ஒளி வழியின் முன்கதை

1996-இல் ஸ்திராஸ்பூர்கில் ஒரு குழு நிக்கல் படலத்தின் மேல் 60 ஃபெம்டோநொடித் துடிப்பை அடித்துப் பார்த்தது (ஆயிரம் ஃபெம்டோநொடி ஒரு பிக்கோநொடி). ஒரு பிக்கோநொடிக்கும் குறைந்த நேரத்தில் அதன் காந்தமாக்கம் சரிந்தது. அதுவரை அவ்வளவு வேகமாக ஸ்பின்கள் மாறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2005-இல் டிஸ்புரோசியம் ஆர்த்தோஃபெரைட் என்ற படிகத்தில் வட்ட முனைவாக்கம் கொண்ட, அதாவது மின்புலம் சுழன்றுகொண்டே செல்லும், ஒளி, வெப்பத்தின் உதவியில்லாமலே காந்தப் புலம்போல் நடந்து ஸ்பின்களைத் தட்டிவிட்டது. 2011-இல் நிக்கல் ஆக்சைடில் 1 டெராஹெர்ட்ஸ் அலையின் காந்தப் புலமே மேக்னானை, அதாவது ஸ்பின் அலையை, நேராக ஆட்டியது. மூன்றும் அருமையான வேலைகள். மூன்றிலும் ஒளி நின்ற சற்று நேரத்தில் கூத்தும் முடிந்தது.

இதற்கிடையில் அடுக்குப் படிகங்கள் களத்துக்கு வந்தன. கிராஃபைட்டைப் போல அடுக்கடுக்காக இருக்கும், ஒட்டுநாடாவால் உரித்து எடுக்கலாம். உரித்து ஒற்றை அடுக்கானாலும் காந்த ஒழுங்கு தங்குமா என்பது பழைய கேள்வி. மேலே அல்லது கீழே என்று இரண்டே திசையில் மட்டும் நிற்கக்கூடிய ஸ்பின்களாக இருந்தால் இரு பரிமாணத்திலும் ஒழுங்கு தங்கும் என்பதை 1944-இல் லார்ஸ் ஆன்சாகர் கணக்கில் நிறுவியிருந்தார். 2016-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அதை ஓர் உண்மைப் பொருளில் காட்டினார்கள். அந்தப் பொருள்தான் இந்த ஆய்வின் நாயகன்: இரும்பு, பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் சேர்ந்த எஃப்இபிஎஸ்3. ஒற்றை அடுக்கு எதிர்ஃபெர்ரோவில் நிகரக் காந்தம் இல்லை, நியூட்ரான் சிதறலுக்குப் பொருளின் அளவும் போதாது. பின் எப்படிக் கண்டார்கள்? ராமன் சிதறல் வழியாக. திருச்சியில் பிறந்தவர் 1928-இல் கண்ட விளைவு, ஓர் அணு அடுக்கின் காந்த ஒழுங்கைப் படிக்கும் கருவியாகியிருக்கிறது.

படிகத்தின் உள்ளே

கருத்து மினுமினுக்கும் தகடுகளாக வளரும் படிகம் இது. ஒவ்வோர் அடுக்கிலும் இரும்பு அயனிகள் தேன்கூடுபோல் அறுகோண வலையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வோர் அறுகோணத்தின் நடுவிலும் ஒரு பாஸ்பரஸ் இணை, சுற்றிலும் கந்தகம். இரும்பின் ஸ்பின்கள் அடுக்கின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். மேலே, இல்லையென்றால் கீழே, சாய்வு என்ற பேச்சே இல்லை. இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இரும்பு அயனியின் எலக்ட்ரான் சுற்றுப்பாதைகள்.

அறுகோண வலையில் வளைந்து வளைந்து ஓடும் சங்கிலிகளாக இரும்பு அயனிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கிலியில் எல்லா ஸ்பின்களும் மேலே பார்க்கும், பக்கத்துச் சங்கிலியில் எல்லாம் கீழே, அடுத்ததில் மீண்டும் மேலே. சங்கிலிக்குள் ஒற்றுமை, சங்கிலிகளுக்கிடையே எதிர்ப்பு. இந்த ஒழுங்கு சுமார் 118 கெல்வினுக்குக் கீழே மட்டும் இருக்கும், அதாவது ஏறக்குறைய சுழியத்துக்குக் கீழே 155 டிகிரி செல்சியஸ். அந்த எல்லைக்கு நீல் வெப்பநிலை என்று பெயர். அதைத் தாண்டினால் ஸ்பின்கள் தம் போக்கில் புரள ஆரம்பிக்கும்.

இன்னொரு தகவலும் முக்கியம். இந்தப் படிகத்தின் அணு அதிர்வுகளில், அதாவது ஃபோனான்களில், ஒன்று 3 டெராஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருக்கிறது. இதன் மேக்னான் இருப்பது 3.7 டெராஹெர்ட்ஸ் பக்கத்தில். அணுக்கள் ஆடும் தாளமும் ஸ்பின்கள் ஆடும் தாளமும் இவ்வளவு அருகில் இருக்கும்போது ஒன்றின் ஆட்டம் மற்றதைத் தொடாமல் இருக்காது. அணுக்கள் நகர்ந்தால் அவற்றுக்கு இடையிலான தூரமும் கோணமும் மாறும். ஸ்பின்களைக் கட்டிப்போட்டிருக்கும் பரிமாற்றப் பிணைப்பு அந்தத் தூரத்தையும் கோணத்தையுமே நம்பியிருக்கிறது.

என்ன செய்தார்கள்

வேலை நடந்தது அமெரிக்காவின் எம்ஐடியில், நூஹ் கெடிக் ஆய்வகத்தில். கட்டுரையின் முன்னணி ஆசிரியர்களில் ஒருவர் பாட்டிர் இல்யாஸ். டெராஹெர்ட்ஸ் நுட்பத்தில் நெடுநாள் கைதேர்ந்த எம்ஐடி வேதியியலாளர் கீத் நெல்சன் உடனிருந்தார். படிகங்கள் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜே-குன் பார்க் குழுவிடமிருந்து வந்தவை. கோட்பாட்டுக் கணக்கு ஹாம்பர்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஏஞ்சல் ரூபியோ குழுவினுடையது.

படிகத்தை வெற்றிட அறைக்குள் வைத்து 118 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்கிறார்கள். அகச்சிவப்பு லேசர் துடிப்பை ஒரு கரிமப் படிகத்தின் வழியே செலுத்தினால் மறுபக்கம் டெராஹெர்ட்ஸ் துடிப்பு வெளியே வரும். அது காந்தப் படிகத்தில் விழுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று ஆற்றல் கணக்கைப் பார்க்க வேண்டும். 3.3 டெராஹெர்ட்ஸ் ஒளியின் ஒரு ஃபோட்டான் சுமார் 13.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 1.8 எலக்ட்ரான் வோல்ட், நூறு மடங்குக்கும் மேல். சிவப்பு ஒளியை அடித்தால் எலக்ட்ரான்கள் தம் நிலையிலிருந்து தூக்கி எறியப்படும், பிறகு அவை கீழே விழுந்து ஆற்றலை வெப்பமாகக் கொட்டும், படிகம் சூடேறி ஒழுங்கு கெடும். டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானுக்கு எலக்ட்ரானைத் தூக்கும் வலு கிடையாது. அதற்கு முடிவது அணுக்களை ஆட்டுவதுதான். 118 கெல்வினில் வெப்பத்தின் நடுக்கம் தரும் ஆற்றல் சுமார் 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதைப் பார்த்தால், இந்த ஒளி படிகத்தின் சொந்த அளவுகோலிலேயே பேசுகிறது என்பது விளங்கும்.

அடுத்தது படித்தல். காந்தமாகிவிட்டதா என்பதைத் திசைகாட்டி வைத்துப் பார்க்க முடியாது. அண்மை அகச்சிவப்பில் இரண்டு மெல்லிய சோதனை ஒளிகளைப் படிகத்தின் வழியே அனுப்புகிறார்கள். ஒன்றின் மின்புலம் வலம்சுழி, இன்னொன்றினுடையது இடம்சுழி. படிகம் பழைய எதிர்ஃபெர்ரோவாகவே இருந்தால் இரண்டும் ஒரே அளவில் வெளியே வரும். நிகரக் காந்தமாக்கம் பிறந்திருந்தால் வலத்துக்கும் இடத்துக்கும் வேறுபாடு தெரியும். அந்த வேறுபாடு தெரிந்தது.

காலத்தை அளப்பதிலும் ஒரு சுவையான சிக்கல் உண்டு. இத்தகைய சோதனைகளில் அடிக்கும் துடிப்புக்கும் படிக்கும் துடிப்புக்கும் இடையிலான தாமதத்தை, கண்ணாடியை நகர்த்தி ஒளியின் பாதையை நீட்டி உண்டாக்குவார்கள். பாதை 30 சென்டிமீட்டர் நீண்டால் ஒரு நானோநொடி தாமதம். பிக்கோநொடிக் கதைகளுக்கு இது போதும். 2.5 மில்லிநொடிக்கு இதே வழியில் போனால் ஒளிப்பாதையை 750 கிலோமீட்டர் நீட்ட வேண்டும்! எனவே மில்லிநொடிகளில் நீடிக்கும் நிலை இந்த வகைக் கருவியில் முதலில் ஒரு தொந்தரவாகவே முகம் காட்டும். அடிப்பதற்கு முன்பே, பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சமிக்ஞை நிற்கும். முந்தைய துடிப்பின் மிச்சம் அது. துடிப்புகளுக்கிடையே இடைவெளியை நீட்டி, அந்த மிச்சம் எதுவரை தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது ஒன்றே வழி. இத்தகைய மிச்சத்தைக் கருவிப் பிழை என்று கழித்துத் தள்ளிவிடுவது எளிது. "2.5 மில்லிநொடிக்கு மேல்" என்று கட்டுரை சொல்வதில் அந்த 'மேல்' என்ற சொல்லையும் விடாமல் படிக்க வேண்டும். அது ஆயுளின் கீழ்வரம்பு.

ஏன் நீடித்தது

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். மில்லிநொடி என்றாலே அனுபவமுள்ளவர்களுக்கு வெப்பம்தான் ஞாபகத்துக்கு வரும். லேசர் விழுந்த இடம் சூடாகி, அந்தச் சூடு மெல்லப் பரவி அடங்க மில்லிநொடிகள் ஆவது வாடிக்கை. இதுவும் அப்படி ஒரு சூடுதானா? இரண்டு காரணங்களால் இல்லை என்று சொல்லலாம். சூடு ஒழுங்கைக் குறைக்கும், ஆனால் மேலே பார்க்கும் ஸ்பின்களுக்கும் கீழே பார்க்கும் ஸ்பின்களுக்கும் ஓரவஞ்சனை செய்யாது. வலம்சுழி ஒளியும் இடம்சுழி ஒளியும் வேறுபட வேண்டுமென்றால் அந்த ஓரவஞ்சனை நடந்தாக வேண்டும். இரண்டாவது, எலக்ட்ரான்களைத் தூக்காத ஒளியைத் தேர்ந்தெடுத்ததே வெப்ப வழியை அடைக்கத்தான்.

அப்படியானால் ஓரவஞ்சனை எங்கிருந்து வந்தது? ஹாம்பர்க் குழுவின் கணக்கு சொல்வது இது: குறிப்பிட்ட ஓர் ஃபோனானின் பாதையில் அணுக்கள் இடம்பெயர்ந்து நின்றால் பரிமாற்றப் பிணைப்புகள் மாறுகின்றன, நீல் வெப்பநிலைக்கு அருகில் நிகரக் காந்தமாக்கம் உள்ள நிலையே படிகத்துக்கு வசதியான நிலையாகிவிடுகிறது.

இதை ஒரு படமாக விரித்துப் பார்க்கலாம். சாதாரண நிலையில் மேல்நோக்கும் சங்கிலியும் கீழ்நோக்கும் சங்கிலியும் எல்லா வகையிலும் சமம், படிகத்தின் சமச்சீரே அதற்கு உத்தரவாதம். அதனால்தான் ஒன்றின் காந்தத்தை மற்றது மிச்சமில்லாமல் ஈடுசெய்கிறது. அணுக்கள் சரியான விதத்தில் நகர்ந்தால் அந்தச் சமம் குலையும். ஒரு வகைச் சங்கிலியில் பிணைப்பு சற்று இறுகும், மற்றதில் சற்று தளரும். இறுகியதில் ஸ்பின்கள் கூடுதல் ஒழுங்கோடு நிற்கும், தளர்ந்ததில் குறைந்த ஒழுங்கோடு. கழித்தால் மிச்சம் வரும். அந்த மிச்சமே காந்தமாக்கம்.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். மிகக் குளிர்ந்த நிலையில், சில கெல்வினில், இரண்டு வகைச் சங்கிலிகளும் முழு ஒழுங்கில் இருக்கின்றன. பிணைப்பு கொஞ்சம் இறுகினாலும் தளர்ந்தாலும் முழுமை முழுமைதான், கழித்தால் பூஜ்ஜியம். நீல் வெப்பநிலைக்கு மேலே ஒழுங்கே இல்லை, குலைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், 118 கெல்வினைத் தொட்டுத் தொடாமல் நிற்கும் குறுகிய பட்டையில் மட்டும் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் அரைகுறையாக. அங்கே படிகம் இரண்டு தட்டும் ஏறக்குறையச் சமமாக நிற்கும் தராசு மாதிரி, ஒரு குன்றிமணி போட்டாலும் முள் நகரும். ஒளி போடுவது அந்தக் குன்றிமணியைத்தான்.

அளவு பெருகுவது இதனால் புரிகிறது. ஆயுள் நீள்வதற்கும் வேர் இதே இடத்தில்தான். மாறுநிலைக்கு, அதாவது ஒழுங்கு குலையும் எல்லைக்கு, அருகில் எந்தப் பொருளும் மந்தமாகிவிடும் என்பது இயற்பியலில் பழைய பாடம். ஒழுங்குள்ள திட்டுகளும் ஒழுங்கற்ற திட்டுகளும் பெரிது பெரிதாகத் தோன்றி மறையும். திட்டு பெரிதாகப் பெரிதாக அது புரள ஆகும் நேரமும் கூடும். புதிதாகப் பிறந்த காந்தமாக்கம் பெரும்பான்மையான எதிர்ஃபெர்ரோ ஒழுங்கோடு கட்டுண்டிருப்பதால், அந்த ஒழுங்கின் மந்தம் இதையும் பிடித்து நிறுத்துகிறது. வெப்பநிலை 118 கெல்வினை நெருங்க நெருங்கப் புதிய நிலை உறுதிப்பட்டது என்பதைச் சோதனையே காட்டியது. சாதாரணமாக, குளிரவைத்தால்தான் நுட்பமான நிலைகள் நிலைக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே சூடாக்கினால் நிலைக்கிறது, எல்லையைத் தாண்டாத வரை.

இந்த ஆய்வை ஒரு நல்ல முன்மாதிரி என்று நான் நினைப்பதற்குக் காரணமும் இதுவே. ஒளியால் புதிய நிலைகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் துடிப்பின் வலுவைக் கூட்டுவதிலும் அலைநீளத்தைத் துல்லியமாக்குவதிலும் உழைக்கிறார்கள். மாறுநிலைப் பகுதியைத் தொல்லை பிடித்த இடம் என்று ஒதுக்குவதும் உண்டு. அங்கே எல்லாம் அலைபாயும், ஓர் அளவீடு மற்றொன்றோடு ஒத்துவராது. இவர்கள் அந்த அலைபாய்தலையே பெருக்கியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அதிர்வு என்பது இரண்டு பக்கமும் ஆடுவது. இந்தப் பக்கம் போகும்போது மேல்நோக்கும் சங்கிலிக்குச் சாதகம் என்றால், அந்தப் பக்கம் வரும்போது கீழ்நோக்கும் சங்கிலிக்குச் சாதகம், சராசரி பூஜ்ஜியம். நிகர விளைவு வேண்டுமென்றால் அணுக்கள் ஒரு பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். படிகங்களில் அதிர்வு பெரிதாகும்போது அது ஒரு பக்கம் சாய்வது நடக்கக்கூடியதே, சிறு வீச்சில் ஆடும் வில்லின் கணக்கு பெரிய வீச்சில் செல்லுபடியாகாது. வலுவான டெராஹெர்ட்ஸ் துடிப்பு தேவைப்படுவதன் காரணமும் இதனோடு சேர்ந்தது. அந்த ஒதுங்கலே சில பத்து பிக்கோநொடிகளில் அடங்கிவிடக்கூடியது. அது பெற்றுப்போட்ட காந்தமாக்கம் மில்லிநொடிகளுக்கு நிற்கிறது. தள்ளிய கை போன பிறகும் தள்ளப்பட்டது திரும்பாமல் நிற்பதைத்தான் சிற்றுறுதி நிலை என்கிறோம்.

உறவுக்காரர்கள்

இரும்புக்குப் பதில் வேறு உலோகம் வைத்தால் குணம் மாறும். மாங்கனீசு வைத்த படிகம் 78 கெல்வினில் ஒழுங்குபடும், அதன் ஸ்பின்கள் ஏறக்குறைய எந்தத் திசைக்கும் இசையும். நிக்கல் வைத்தது சுமார் 155 கெல்வின், ஸ்பின்கள் அடுக்கின் தளத்திலேயே படுத்திருக்கும். இந்த நிக்கல் படிகத்தில் 2021-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் வேறொரு வழி காட்டப்பட்டது. அங்கே ஒளியின் ஆற்றலை 1 எலக்ட்ரான் வோல்ட் அருகே, நிக்கல் அயனியின் எலக்ட்ரான் சுற்றுப்பாதை மாற்றத்துக்குச் சரியாகப் பொருத்தினார்கள். சுற்றுப்பாதை மாறியதும் ஸ்பின்கள் படுக்க விரும்பும் திசை ஒரு கணம் மாறியது, அவை 0.3 டெராஹெர்ட்ஸில் ஆடத் தொடங்கின. இரும்புப் படிகத்தில் அசைத்தது ஸ்பின்களுக்கு இடையிலான பிணைப்பை, நிக்கல் படிகத்தில் அசைத்தது ஸ்பின் பிடித்திருக்கும் அச்சை. நிக்கல் வழியில் ஆட்டம் தொடங்கி அடங்கியது, புது நிலை எதுவும் தங்கவில்லை.

குரோமியம், கந்தகம், புரோமின் சேர்ந்த சிஆர்எஸ்பிஆர் இன்னும் வேறு. ஒவ்வோர் அடுக்கும் தனக்குள் ஃபெர்ரோ, அடுத்தடுத்த அடுக்குகள் எதிர்த்திசை. 132 கெல்வினுக்குக் கீழே இந்த ஒழுங்கு. இது குறைக்கடத்தியும்கூட என்பதால் ஒளியை வலுவாக விழுங்குகிறது, விழுங்கும் நிறமோ அடுத்தடுத்த அடுக்குகளின் ஸ்பின்கள் தமக்குள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து நகர்கிறது. 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு துடிப்பு ஒன்றை அடித்து, பல பத்து ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் ஸ்பின் அலையை அந்த நிற நகர்விலேயே பார்த்தது. படிப்பதற்கு இதைவிட வசதியான படிகம் குறைவு. எழுதி நிறுத்திவைக்க இரும்புப் படிகம் பரவாயில்லை.

நினைவகச் சில்லு ஆகுமா

இந்த ஆய்வைப் பற்றிய செய்திகள் நினைவகச் சில்லுகள் வரை ஓடின. அவ்வளவு தூரம் போவதற்கு முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம்.

வெப்பநிலை முதல் தடை, ஆனால் பெரிய தடை இல்லை. 118 கெல்வின் திரவ நைட்ரஜனின் 77 கெல்வினைவிடச் சூடானது. அதைத் தொடுவது கடினமில்லை. எல்லையை ஒட்டிய குறுகிய பட்டையில் அசையாமல் வெப்பநிலையைப் பிடித்துவைக்க வேண்டும் என்பதே தலைவலி. எழுதும் துடிப்பே சிறிது சூடாக்கும். பக்கத்துத் துண்டில் எழுதும்போது இந்தத் துண்டு எல்லையைத் தாண்டிவிட்டால் எழுதியது போய்விடும்.

காலம் இரண்டாவது. கணினிகளில் இன்று ஓடும் டிராம் (DRAM) நினைவகமும் தானாக அழிந்துகொண்டே இருப்பதுதான். பல மில்லிநொடிகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனவே 2.5 மில்லிநொடி என்பதைக் கேட்டுச் சிரிக்கத் தேவையில்லை. ஆனால் 0, 1 இரண்டையும் விரும்பியபடி எழுத வேண்டும். பிறக்கும் காந்தமாக்கம் மேலே பார்க்குமா கீழே பார்க்குமா என்பது, அந்த இடத்தில் எந்தச் சங்கிலி மேல்நோக்கியது என்பதைப் பொறுத்தது. எதிர்ஃபெர்ரோ படிகத்தில் அந்த வரிசை இடத்துக்கு இடம் மாறிக் கிடக்கலாம். முதலில் அதை ஒரே சீராக்க ஒரு வழி வேண்டும், பிறகு விரும்பியபோது திருப்பவும் வேண்டும்.

மூன்றாவது தடையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 3.3 டெராஹெர்ட்ஸ் ஒளியின் அலைநீளம் சுமார் 90 மைக்ரோமீட்டர். எந்த வில்லையை வைத்துக் குவித்தாலும் அந்த ஒளி ஏறக்குறைய அந்த அளவுக்குக் கீழே சுருங்காது. இன்றைய வன்தட்டில் ஒரு பிட் சில பத்து நானோமீட்டர் அகலம். அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு டெராஹெர்ட்ஸ் பொட்டு விழும் இடத்தில் பல லட்சம் பிட்டுகள் அடங்கும். நுண்ணிய உலோக ஆன்டெனாக்களைப் படிகத்தின் மேல் பதித்து, அவற்றின் இடுக்கில் புலத்தைக் குவிக்கும் நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படிக் குவித்தால் புலத்தின் வலுவும் கூடும், பெரிய லேசரின் தேவையும் குறையும். அடுக்குப் படிகம் என்பதால் உரித்தெடுத்த மெல்லிய தகட்டை அந்த ஆன்டெனாவின் மேல் நேராக ஒட்டிவைக்கவும் முடியும். உலோகத்துக்கு அவ்வளவு அருகில் வைத்த தகட்டிலும் 118 கெல்வின் எல்லை இடம் மாறாமல் நிற்க வேண்டும்.